தாதும் சூலும்

கடலூரிலிருந்து விருத்தாசலம் செல்லும் வழியில், செம்மண் மேட்டின்மீது, முந்திரித் தோப்புகளும் பலா மரங்களும் சூழ அமைந்துள்ளது நெய்வேலி நகரியம். 1935ஆம் ஆண்டளவில் ஜம்புலிங்க முதலியார் என்பார் தம் நிலத்தில் கிணறு தோண்டுவித்தபொழுது நீரோடு கரிய பொருள் ஒன்று கலந்து வரக் கண்டனர். அதுவே பழுப்பு நிலக்கரி எனப் பின்னர் அறியப்பெற்றது. 1956ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 14ஆம் நாள் அதற்கென ஒரு நிறுவனம் தோன்றியது. அடுத்த ஆண்டு மே 20ஆம் நாள் பண்டித நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். பணியாளர் வாழ்வதற்கென வட்டம் வட்டமாக வகுக்கப்பெற்ற இந்நகரியத்தில் வீடுதோறும் சிறு கொல்லையுண்டு. அக்கொல்லைகளுள் ஒன்றில் யான் பெற்ற பாடத்தையே ஈண்டு உங்களுக்குக் கூறப் புகுகின்றேன். தமிழாசிரியனாகிய எனக்குத் தாவரநூலில் என்ன வேலை என்று வினவாதீர்கள். தாது என்பதும் சூல் என்பதும் தமிழ்ச் சொற்களே. அவற்றின் பொருளை அறியாமல் நெடுங்காலம் கற்பித்து வந்தேன் என்பதே என் குறை.

பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் யான் என் மகன் இல்லத்திற்கு வந்து சேர்ந்த ஆண்டில், ஐப்பசி மழைக்கு முன்னர்க் கொல்லையில் பறங்கி விதை ஊன்றினேன். கொடி வேலியில் ஏறிக் கூரையளவும் படர்ந்தது. மார்கழி பிறந்தது. பொழுது புலர்வதற்கு முன்னே பொன்னிறப் பூக்கள் கொடியெங்கும் மலர்ந்து நின்றன. மார்கழிக் கோலத்தின் நடுவே சாணவுருண்டையில் பறங்கிப்பூச் செருகி வைப்பது நம் நாட்டு வழக்கமன்றோ? என் பேர்த்தி நாள்தோறும் பூக்களைப் பறித்து, எங்கள் வாயிலுக்கு மட்டுமன்றி அத்தெருவின் வாயில்கள் பலவற்றிற்கும் கொடுத்து வந்தாள். அவள் பறித்தவை யாவும் நீண்ட மெல்லிய காம்புடைய பூக்கள். காம்பின் தலையில் சிறு பிஞ்சு தாங்கிய பூக்கள் சிலவே. அவற்றைத் தொடலாகாது என்று யானே அவளிடம் கூறியிருந்தேன். "நீண்ட காம்புப் பூ மலட்டுப் பூ, அதனால் பயனில்லை, வேண்டுமளவும் பறித்துக்கொள்" என்பது என் கட்டளை.

தைப்பொங்கலுக்கு நம் கொடியிலேயே காய் பறிக்கலாம் என எண்ணியிருந்தோம். பிஞ்சு தாங்கிய பூக்கள் மலர்ந்தன, வாடின. பிஞ்சுகள் மஞ்சள் நிறமெய்தி, நுனி சுருங்கி, ஒன்றன்பின் ஒன்றாக உதிர்ந்தன. எரு குறைவு என்று ஒருவர் கூறினார். சுரங்கத்துப் புழுதி பட்டதனால் என்றார் மற்றொருவர். கொடியைப் பிடுங்கிவிட்டுக் கத்தரி வைக்கலாம் என்றான் என் மகன். அன்று காலையில் அண்டைச் சிற்றூரிலிருந்து கீரை கொணர்ந்து விற்கும் மூதாட்டி ஒருத்தி வேலியோரத்தில் கூடையை இறக்கி வைத்துக் கொடியை நோக்கினாள். தெருவாயில்களில் வாடிக் கிடந்த பூக்களையும் அவள் வரும் வழியில் கண்டிருந்தாள்.

"பூவையெல்லாம் கோலத்திற்குக் கொடுத்துவிட்டுக் காயைத் தேடினால் எப்படி வாத்தியார் ஐயா? பத்துப் பூப் பறித்தால் நாலு பூவையாவது கொடியில் விடவேண்டும். பிஞ்சு வைக்காத பூ வீண் பூ அன்று. அதுதானே காய்க்கு அப்பன்!"

இவ்வாறு கூறி அவள் நகைத்தாள். எனக்கு நாணம் மிகுந்தது. உயர்திணையில் ஆண்பால், பெண்பால், பலர்பால் என மூன்றும், அஃறிணையில் ஒன்றன்பால், பலவின்பால் என இரண்டும் உள எனப் பல்லாண்டுகள் கற்பித்தவன் யான். அஃறிணைக்கு ஆணும் பெண்ணும் இலக்கணத்தில் வகுக்கப்படாமையால் கொல்லைக் கொடியிலும் இல்லை என்று கருதிவிட்டேன் போலும்! பனையில் ஆண் பனையை அலகுப்பனை என்றும், பெண் பனையைப் பருவப்பனை என்றும் நம் உழவர் வேறு பிரித்துக் கூறுதலை யான் கேட்டிராதவன் அல்லேன். கேட்டது வேறு, அறிந்தது வேறு.

மறுநாள் விடியற்காலையில் அம்மூதாட்டி என் பேர்த்திக்குச் செய்து காட்டிய செயல் இது. நீண்ட காம்புப் பூ ஒன்றைப் பறித்து, அதன் இதழை உரித்தெறிந்தாள். நடுவே மஞ்சள் பொடி படிந்த தண்டு ஒன்று எஞ்சியது. பிஞ்சு தாங்கிய பூவொன்று அப்பொழுதுதான் விரிந்திருந்தது. அதன் நடுவில் மும்மடலாய்ப் பருத்துப் பிசுபிசுத்து நின்ற பகுதியில் அப்பொடியை மெல்லத் தடவினாள். "வெயில் ஏறுமுன் செய்யவேண்டும்; ஏறினால் பூ மூடிக்கொள்ளும்" என்றாள். அவ்வளவே. அத்தெருவில் தேனீக்கள் அருகியிருந்தமையால் மனிதக் கை அத்தொழிலைச் செய்ய வேண்டியதாயிற்று.

அவள் காட்டியது கண்ணுக்குப் புலனாவது. புலனாகாதது எத்துணைப் பெரிது என்பதைப் பின்னர் நூல்களைக் கற்றே யான் உணர்ந்தேன்.

மஞ்சள் பொடி என்று நாம் கூறுவது பூந்தாது. வடமொழியாளர் மகரந்தம் என்பர். பறங்கியின் தாது பருமை மிக்கது. கூர்ந்து நோக்குவார்க்குத் தனித்தனித் துகளாகத் தோன்றும். பிற பூக்கள் பலவற்றின் தாதுவோ உருப்பெருக்கிக் கண்ணாடியின்றிக் காணவொண்ணாதது. தாதுப்பையினுள் தாய்ச் செல்கள் பல உண்டு. அவை ஒவ்வொன்றும் இருமுறை பிரிந்து நந்நான்கு துகள்களை ஈனுகின்றது. இப்பிரிவு ஏனைய பிரிவுகளைப் போன்றதன்று. பறங்கிக் கொடியின் இலையிலும் தண்டிலும் உள்ள செல் ஒவ்வொன்றிலும் 40 குரோமோசோம்கள் உள. மரபுப் பண்புகளைத் தாங்கும் இழைகள் இவை. தாதுத் துகளிலோ 20 மட்டுமே உண்டு. என்னை? தந்தையிடமிருந்து 40, தாயிடமிருந்து 40 எனச் சேருமாயின் பிள்ளைக்கு 80 ஆகும். பேரனுக்கு 160 ஆகும். சில தலைமுறையில் செல் அச்சுமையைத் தாங்காது. ஆதலின் இணைவதற்கு முன்னர் இருபாலும் பாதியாகக் குறைத்துக்கொள்ளுதல் இயற்கையின் நியதியாயிற்று.

தாதுத் துகளை ஆண் செல் என்று கூறுவது பெருவழக்கு. ஆயினும் அது முற்றும் பொருந்தாது. துகள் ஒரு பேழை. அதனுள் இரண்டு செல்கள் உள: ஒன்று பெரியது, குழாயாக வளர்வது, மற்றொன்று சிறியது, அப்பெரிய செல்லின் உள்ளேயே மிதப்பது. சிறிய செல் மீண்டும் பிரிந்து இரண்டு ஆண் கேமீட்டுகளாகின்றது. அவ்விரண்டே உண்மையான ஆண் செல்கள். நெல் முதலிய புல்லினங்களில் துகள் பூவை விட்டு நீங்குமுன்னரே இப்பிரிவு முடிந்துவிடும். பெரும்பாலான பிற செடிகளில் குழாய் வளரும் வழியிலே நிகழும். பெரணி முதலிய பூவாத் தாவரங்களின் ஆண் செல்லுக்கு நீந்தும் இழைகள் உண்டு. மழைநீரிலோ பனிநீரிலோ நீந்திப் பெண் செல்லைச் சென்று அடையும். பூக்குந் தாவரத்தின் ஆண் செல்லோ நீந்த அறியாதது. குழாய் கொண்டு சேர்த்த இடத்திற்கே செல்லவல்லது. நீரை வேண்டாது வறண்ட நிலத்திலும் பூமரங்கள் பரவியதற்கு இது பெரியதொரு காரணமாகும்.

இனிப் பெண் பகுதியைக் காண்போம். பறங்கிப் பிஞ்சினை நெடுக அரிந்தால் வெண்ணிறமான சிறு மணிகள் வரிசை வரிசையாகத் தோன்றும். அவை சூல்கள். சூல் என்னும் சொல் எத்துணை அழகியது! கருவுற்ற மகளிரையும், மழை நிறைந்த முகிலையும், கதிர் ஈனவிருக்கும் பயிரையும் இவ்வொரு சொல்லால் நம் முன்னோர் குறித்தனர். ஒவ்வொரு சூலினுள்ளும் ஒரு தாய்ச் செல் உளது. அதுவும் இருமுறை பிரிந்து நான்காகின்றது; குரோமோசோம்கள் பாதியாகக் குறைகின்றன. ஆனால் தாதுப்பையில் நான்கும் பிழைத்ததுபோல் ஈண்டு நிகழ்வதில்லை. பெரும்பாலான செடிகளில் மூன்று அழிந்து ஒன்றே எஞ்சும். எஞ்சிய அச்செல்லின் உட்கரு மும்முறை பிரிந்து எட்டாகி, ஏழு செல்களாக அமைகின்றது. துளையை ஒட்டிய முனையில் அண்டம் ஒன்று, அதன் இருமருங்கும் துணைச் செல்கள் இரண்டு, எதிர்முனையில் மூன்று, நடுவே இரண்டு உட்கருக்களைத் தாங்கிய பெரிய செல் ஒன்று. இவ்வேழனுள் அண்டமே பெண் செல்லாகும். ஆண் பகுதியில் ஆயிரக்கணக்கான துகள்கள் வெளியே வீசப்படுகின்றன; பெண் பகுதியிலோ சூலுக்கு ஓர் அண்டம் பல உறைகளுக்குள் காக்கப்படுகின்றது. இறைத்தல் ஆணுக்கும், காத்தல் பெண்ணுக்கும் அமைந்தன.

இவ்வாண் செல் அவ்வண்டத்தை அடைவது எங்ஙனம்? மேலைநாட்டாரும் இதனை நெடுங்காலம் அறிந்திலர். ஜெர்மனி நாட்டுக் கமெராரியுஸ் என்பார் 1694ஆம் ஆண்டில் ஆமணக்குச் செடியின் ஆண் பூக்களைக் களைந்து பார்த்து, விதை பிடியாமையைக் கண்டு, தாது தந்தையின் தொழிலைச் செய்கின்றது என எழுதினார். ஆமணக்கின் பூங்கொத்தில் மேலே பெண் பூவும் கீழே ஆண் பூவும் நிற்பதை இன்றும் நம் வயல்வரப்பில் நீங்கள் காணலாம். கமெராரியுஸ் வேண்டுமென்றே செய்த சோதனையை என் பேர்த்தி அறியாமலே எங்கள் கொல்லையில் செய்தாள், பயன் ஒன்றே.

தாது சூலைத் தொடும் வழி 1824ஆம் ஆண்டில் தற்செயலாகப் புலப்பட்டது. இத்தாலி நாட்டில் உருப்பெருக்கிகள் செய்வதில் வல்லவரான அமிச்சி என்பார், நாம் பருப்புக்கீரை எனச் சமைத்துண்ணும் செடியின் சூல்முடி மயிரை ஆராய்ந்து கொண்டிருந்தார். அம்மயிரில் ஒட்டியிருந்த தாதுத் துகள் ஒன்று அவர் கண்முன்னே பிளந்து மெல்லிய குழாய் ஒன்றை நீட்டியது! அவர் தேடியது வேறொன்று; கண்டது இது. கீரை விற்கும் மூதாட்டியிடம் யான் கற்றது நினைவுக்கு வருகின்றது. கீரைக்கும் இக்கல்விக்கும் ஏதோ தொடர்புண்டு போலும்.

சூல்முடியில் வீழ்ந்த துகள் அங்குள்ள ஈரத்தை உறிஞ்சிப் பருக்கின்றது. வேற்றினத் துகளாயின் சூல்முடி பெரும்பாலும் அதனை ஏலாது. தன்னினமாயின் குழாய் முளைத்துத் தண்டின் வழியே கீழ்நோக்கி வளர்கின்றது. மக்காச்சோளக் கதிரின் தலையில் தொங்கும் பட்டு நூல் ஒவ்வொன்றும் ஒரு மணிக்குரிய சூல்தண்டே. ஏறத்தாழ ஒரு சாண் நீளமுள்ள அந்நூல் முழுவதையும், கண்ணுக்குத் தெரியாத துகளிலிருந்து புறப்பட்ட குழாய் ஏறக்குறைய ஒரு நாளளவில் கடந்துவிடும். கதிரில் இடையிடையே பொக்கை விழுந்திருக்குமாயின், அந்நூல்களுக்குத் தாது கிட்டவில்லை என்று அறியலாம்.

இருளான அவ்வழியில் குழாய்க்கு வழி காட்டுவது யாது? இவ்வினாவிற்கு விடை அண்மையிலேதான் கிடைத்தது. டொரீனியா என்னும் பூச்செடியில் கருப்பை சூலுக்கு வெளியே சிறிது நீண்டிருக்கும். ஆதலின் உள்ளிருக்கும் செல்களைக் காணுதல் எளிது. ஜப்பான் நாட்டு ஹிகாஷியாமா என்பாரும் அவர்தம் குழுவினரும் லேசர்க் கதிரால் அச்செல்களை ஒவ்வொன்றாக அழித்துப் பார்த்து, துணைச் செல்கள் இரண்டும் அழிந்தவிடத்துக் குழாய் அணுகுவதில்லை என்பதை 2001ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அத்துணைச் செல்கள் சுரக்கும் சிறு புரதங்களே குழாயை ஈர்க்கின்றன என்பது 2009இல் தெளிவாயிற்று. அப்புரதத்திற்கு அவர்கள் இட்ட பெயர் 'இரை காட்டி ஈர்ப்பது' என்னும் பொருளுடையது. தோழியர் இருவர் தலைவிக்கு இருபுறமும் நின்று தலைவனுக்குக் குறியிடம் காட்டும் அகப்பொருட் காட்சி இதனைப் படித்தபொழுது என் உள்ளத்தில் எழுந்தது. ஆனால் இத்தோழியருள் ஒருத்தி உயிர் துறக்கின்றாள்: குழாய் ஒரு துணைச் செல்லினுள்ளே புகுந்து வெடிக்கின்றது, அச்செல் அழிகின்றது, ஆண் செல்கள் இரண்டும் விடுதலை பெறுகின்றன.

இரண்டு எதற்கு? அண்டம் ஒன்றுதானே? ஒன்று அண்டத்தோடு கூடிக் கருவாகின்றது. மற்றொன்று நடுச் செல்லின் இரண்டு உட்கருக்களோடும் கூடுகின்றது; அதிலிருந்து கருவுக்கு உணவாகும் முளைசூழ்தசை உண்டாகின்றது. இவ்விரட்டைக் கருவுறுதலை 1898ஆம் ஆண்டில் நவாஷின் என்னும் ரஷ்ய அறிஞர் லில்லி இனத்துச் செடிகளில் கண்டறிந்தார். நெல்லின் செல்லில் 24 குரோமோசோம்கள். அதன் ஆண் செல்லிலும் அண்டத்திலும் 12. கருவில் மீண்டும் 24. முளைசூழ்தசையிலோ மும்மடங்கு 12, அஃதாவது 36. நாம் உண்ணும் சோறு பெரும்பாலும் இத்தசையே. தேங்காயின் இனிய நீரும் வெண்பருப்பும் இத்தசையின் வடிவங்களே. கண் ஒன்றின் கீழ்ச் சிறு முளையாக ஒதுங்கியிருப்பதே தென்னையின் கரு. கரு கேட்ட உணவை நாம் பறித்துண்கின்றோம். பறங்கியில் நிலை வேறு: விதை முற்றுமுன் கரு தன் உணவை முழுதும் உண்டு தன் பருப்பிலைகளில் சேர்த்துக்கொள்ளும்.

இத்துறையில் நம் நாட்டார் பின்தங்கினாரல்லர். 1904இல் ஜெய்ப்பூரில் பிறந்த பஞ்சானன் மகேசுவரி பூக்குந் தாவரங்களின் கருவியலைப் பற்றி 1950இல் வெளியிட்ட நூலை உலகெங்கும் மாணவர் பயின்றனர். தில்லிப் பல்கலைக்கழகத்தில் சதீஷ் சந்திர மகேசுவரி என்பாரும் சிப்ரா குஹா என்னும் அம்மையாரும் 1964இல் வெளியிட்ட செய்தி அறிஞருலகை வியப்பில் ஆழ்த்தியது. வேலியோரத்தில் யாரும் விரும்பாது நிற்கும் ஊமத்தையினத்தின் தாதுப்பையை ஊட்டக் கரைசலில் வளர்த்தபொழுது, தாதுத் துகளிலிருந்தே கருவுருக்கள் முளைத்தன! தாயின்றித் தந்தையின் பாதியிலிருந்தே எழுந்த செடிகள் அவை. பயிர்ப்பெருக்க வல்லுநர் புதிய இனங்களை விரைவில் உருவாக்குதற்கு அவ்வழி பெரிதும் உதவி வருகின்றது.

நெய்வேலியைச் சூழ்ந்த மரங்களையும் சிறிது நோக்குவோம். முந்திரியின் பூங்கொத்தில் ஆண் பூக்கள் மிகுதி. இருபாற் பூக்கள் குறைவு. அக்குறைந்தவற்றுள்ளும் கொட்டையாவன சிலவே. பண்ணுருட்டிப் பக்கத்துப் பலாவைக் கூறாமல் விடுதல் இயலாது. பலாவில் ஆண் கதிர்களும் பெண் கதிர்களும் ஒரே மரத்தில் உள. ஆண் கதிர் தாது சிந்தியபின் கருத்து வீழ்ந்துவிடும். பிஞ்சு உதிர்ந்ததென அறியாதார் வருந்துவர். பருத்த காம்பில் அடிமரத்தைப் பற்றி நிற்பது பெண் கதிர். அது ஒரு பூவன்று, நூற்றுக்கணக்கான பூக்களின் தொகுதி. பழத்தை அறுத்துப் பாருங்கள். ஒவ்வொரு சுளையும் தாது வந்தடைந்த ஒரு பூ. சுளைகளுக்கு இடையே நாம் நாரென்று களைந்தெறிகின்றோமே, அவை தாது வந்தடையாத பூக்கள். ஒரே பழத்தில் வந்தவையும் வாராதவையும் அடுத்தடுத்து இருக்கின்றன. இதனை அறிந்த நாள் முதலாக யான் பலாச்சுளை உண்ணும்பொழுதெல்லாம் நாரையும் ஒருமுறை நோக்குகின்றேன்.

இனி, நெய்வேலிக்கே உரிய செய்தி ஒன்று உளது. அதனைக் கூறவே இப்பாடத்தைத் தொடங்கினேன் என்றாலும் தகும்.

தாதுத் துகளின் உள்ளிருக்கும் செல்கள் மென்மையானவை. நெல்லின் தாது சில நிமிடங்களே உயிரோடிருக்கும். ஆனால் துகளின் புறவுறை அத்தன்மையதன்று. ஸ்போரோபொலெனின் என்னும் பொருளால் ஆகிய அவ்வுறையை அமிலமும் காரமும் எளிதில் கரைக்கமாட்டா. காற்றுப் புகாத சேற்றில் புதைந்துவிட்டால் கோடி ஆண்டுகள் கழிந்தும் அது அழிவதில்லை. உறையின்மேல் உள்ள முள்ளும் வரியும் துளையும் இனத்துக்கு இனம் வேறுபடுவன. ஆதலின் துகளைக் கண்டே அஃது எம்மரத்தின் தாது என அறிஞர் கூறவல்லவர். நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரி முதன்முதலில் வெளிப்பட்டது 1961ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில். அக்கரி என்பது என்ன? பண்டைச் சதுப்பு நிலக் காட்டின் மரமும் இலையும் பூவும் நீரில் வீழ்ந்து மட்கி இறுகியது. அப்பூக்களின் தாதுவும் அதனுள் உளது. கரியைப் பொடித்து, அமிலத்திலும் காரத்திலும் இட்டுக் கழுவினால் மற்றவை கரைந்துபோக, தாதுவின் உறைகள் எஞ்சும். அவற்றை உருப்பெருக்கியின் கீழ் வைத்து நோக்குவர்.

இத்தகைய ஆராய்ச்சிக்கு நம் நாட்டில் வித்திட்டவர் பீர்பால் சாஹ்னி. அவர் 1946இல் லக்னோவில் தொல்தாவரவியல் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். அதன் கட்டடத்திற்கு 1949 ஏப்ரல் 3ஆம் நாள் நேரு அடிக்கல் நாட்டினார். ஏழாம் நாள் சாஹ்னி மறைந்தார். நெய்வேலிக் கரியின் தாதுக்களை 1960களில் சி. ஜி. கே. ராமானுஜம் முதலியோர் ஆராய்ந்து எழுதினர். பனையினத்துத் தாதுக்கள் அதில் உள. தென்னிந்தியப் பழுப்பு நிலக்கரிகளில் டீனோலோபோன் என்னும் மரத்தின் தாதுவும் கிடைத்துள்ளது. அம்மரம் இன்று இந்திய மண்ணில் இல்லை. மேற்கு ஆப்பிரிக்காவிலும் மலேயாத் தீவுகளின் பக்கத்திலுமே வளர்கின்றது. நெய்வேலிக் கரி மயோசீன் காலத்தது எனப் பலர் கருதி வந்தனர். அக்காலம் 2 கோடியே 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னர்த் தொடங்கியது. பின்னர் வந்த ஆராய்ச்சியாளர் அதனினும் முந்திய இயோசீன் காலத்தது என்றனர். அஃது 3 கோடியே 40 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னரே முடிந்துவிட்டது. இவ்வழக்கில் சாட்சி கூறுவனவும் அத்தாதுத் துகள்களே.

நெய்வேலிக்கு அண்மையில் புதுச்சேரியிலும் இத்துறைக்கு ஓர் இருப்பிடம் உண்டு. 1955இல் தோன்றிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் தாதுவியல் ஆய்வுக்கூடத்தைப் பேணி வளர்த்தவர் கணபதி தணிகைமணி என்னும் தமிழர். பனையினங்களின் தாதுவையும், கடலோரச் சதுப்புநில மரங்களின் தாதுவையும் நுணுகி ஆராய்ந்தவர். வெப்ப நாட்டுச் செடிகளின் தாதுக்களைப் பல்லாயிரம் கண்ணாடித் தகடுகளில் அந்நிறுவனம் சேர்த்து வைத்துள்ளது. 1986 செப்டம்பர் 5ஆம் நாள் கராச்சியில் வானூர்தி ஒன்றைக் கைப்பற்றியோரின் கொடுஞ்செயலால் உயிரிழந்தவருள் அவரும் ஒருவர். அப்பொழுது அவருக்கு அகவை 48. அவர் தொகுத்த தகடுகளோடு ஒப்பிட்டே இன்றும் இளைஞர் பண்டைத் தாதுவின் இனத்தை அறிகின்றனர்.

இவற்றையெல்லாம் படித்த ஓர் இரவில், மின்விளக்கின் கீழ் யான் எண்ணிய எண்ணம் ஒன்றை உங்களுக்குக் கூறுவேன். கரியில் எஞ்சிய துகள்களுள் பெரும்பாலன தம்மினத்துச் சூல்முடியைக் காணாமலே நீரில் வீழ்ந்தவை. உள்ளிருந்த ஆண் செல்கள் அன்றே அழிந்தன. பேழை மட்டும் எஞ்சியது. சூலை அடைந்தவற்றின் வழித்தோன்றல்களோ விதையாகி, மரமாகி, மீண்டும் பூத்துத் தாது சிந்தின. நகரியத்துத் தெருவிளக்கும், இப்பாடத்தை யான் எழுத உதவும் விளக்கும் அக்கரி எரிந்து தரும் மின்னாற்றலால் ஒளிர்வன.

எங்கள் கொடியின் கதையை முடிக்கவில்லையே! மூதாட்டி தாது தடவிய பூ பிஞ்சு பிடித்தது. அதன்பின் என் பேர்த்தி தானே தடவிய மூன்றனுள் இரண்டு உதிர்ந்தன, ஒன்று நின்றது. பங்குனியில் இரண்டு காய்களும் முற்றின. மூதாட்டியின் காய் உருண்டு திரண்டிருந்தது. பேர்த்தியின் காயோ ஒருபுறம் பருத்து மறுபுறம் ஒடுங்கிக் கோணலாயிருந்தது. அதனை அரிந்தோம். பருத்த பக்கத்தில் விதைகள் திரண்டிருந்தன. ஒடுங்கிய பக்கத்தில் தாள்போல் மெலிந்த பொக்கு விதைகளே இருந்தன. சூல்முடியின் மூன்று மடல்களுள் இரண்டில் மட்டும் தாதைத் தடவியதாக அவள் ஒப்புக்கொண்டாள். "ஒரு விதைக்கு ஒரு துகள் என்றால், இந்தப் பொக்கு எல்லாம் நான் விட்டுவிட்ட துகள்களா தாத்தா?" என்று வினவினாள்.

ஆம் என்றேன். அவள் பொக்கைத் தனியே பிரித்து எண்ணத் தொடங்கினாள்; பாதியில் நிறுத்திவிட்டாள். திரண்ட விதைகளைச் சாம்பலில் புரட்டி உலர்த்தினோம். கீரைக் கூடையோடு வந்த மூதாட்டி கைப்பிடியளவு விதையை முந்தானையில் முடிந்துகொண்டு சென்றாள்.